எதிர் கார்னரில் நின்ற சாம்பியன்

ராயபுரத்தில் எங்கள் சந்தில் யார் பாக்ஸிங் பேச்சை எடுத்தாலும் கடைசியில் அது அம்மாவின் தம்பியிடம்தான் வந்து நிற்கும். மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை. இளவயதில் இடியப்ப நாயக்கர் குத்துச்சண்டைப் பரம்பரையில் கிளவுஸ் மாட்டியவர். கண்ணப்பர் திடலில் ஆடியிருக்கிறார் என்று தெருவே சொல்லும். ஆனால் பெரிய பெயர் வாங்கியவர் இல்லை. நோட்டீஸில் அவர் பெயர் எப்போதும் கீழ்வரியில்தான் இருந்திருக்கும். பரம்பரையில் அவருக்கென்று வேறொரு வேலை இருந்தது. அவர்களுடைய பெரிய ஆட்டக்காரர் ஒருவருக்குச் சண்டை நிச்சயமாகிவிட்டால், சண்டை நாள் வரைக்கும் தினமும் அவர் எதிரே நின்று ஆடிக் கொடுப்பது. எதிராளி இடது கைக்காரன் என்றால் மாமாவும் காலை மாற்றி வைத்து இடது கைக்காரராகிவிடுவார். எதிராளி குனிந்து நெருங்கி வருகிறவன் என்றால் மாமாவும் குனிவார். யார் யார் ஆட்டத்தையோ ஆடிக் காட்டியே அவனுடைய சொந்த ஆட்டம் என்னவென்று ஊருக்குத் தெரியாமல் போய்விட்டது என்று பாட்டி வருத்தப்படுவாள். மாமாவின் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மழைக்காலத்தில் வலது மணிக்கட்டில் வேப்பெண்ணெய் தேய்த்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்.

எங்களுக்கெல்லாம் முகமது அலிதான். கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாவது ரவுண்டில் சாய்த்த செய்தி 1974 அக்டோபர் கடைசியில் வந்தபோது நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயது. பேப்பரில் வந்த படத்தை வெட்டி, தெருமுனை சலூனில் எம்.ஜி.ஆர். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். அடுத்த வருஷம் மணிலாவில் ஜோ ஃபிரேசரோடு 14 ரவுண்டு. நாங்கள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, கால்களை முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் போட்டு அலி மாதிரி ஆடுவோம். யார் அலியாக இருப்பது என்று அடிதடி நடக்கும். ஃபிரேசராக இருக்க ஒருத்தனும் ஒத்துக்கொள்ள மாட்டான். மாமா இதைப் பார்த்துவிட்டு, "எதுர்ல ஒர்த்தன் நின்னாதான்டா அலி. இல்லாங்காட்டி அவன் சும்மா குதிக்கிறவன்" என்பார். அந்த வயதில் அது எங்கள் காதில் ஏறவில்லை.

அலி மெட்ராஸுக்கே வருகிறார் என்ற செய்தி 1980ஆம் ஆண்டு தொடக்கத்தில் வந்தது. நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிச் சண்டை. மாமா துறைமுகத்து நண்பர்களைப் பிடித்து எப்படியோ டிக்கெட் வாங்கிவிட்டார். பழைய ஜெயில் ரோடு, வால்டாக்ஸ் ரோடு, சென்ட்ரல், மூர் மார்க்கெட் என்று நடந்தே போனோம். வால்டாக்ஸ் ரோட்டிலிருந்தே கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. லுங்கியை மடித்துக் கட்டிய கிழவர்கள் நிறையப் பேர். சாய்ந்த மூக்கும் தடித்த காதுமாக அவர்கள் ஒருவரையொருவர் தோளில் தட்டிக்கொண்டதை வைத்தே எல்லாரும் பரம்பரை ஆட்டக்காரர்கள் என்று தெரிந்தது. கண்ணப்பர் திடலில் எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டவர்கள் அன்றைக்கு ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

எம்.ஜி.ஆர். வந்தார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் தெரிந்ததுமே ஸ்டேடியம் எழுந்து நின்று "வாத்தியாரே!" என்று கத்தியது. எங்கள் வரிசைக் கிழவர்கள் வாத்தியார் என்று கூப்பிடுவது அவர்களுக்குக் குத்து சொல்லிக்கொடுத்தவரை. அன்றைக்கு அவர்களும் கூடச் சேர்ந்து கத்தினார்கள். பிறகு அலி. அப்போது அவருக்கு 38 வயது. முந்தைய வருஷம் ஓய்வு அறிவித்திருந்தார். படங்களில் பார்த்த வயிறு இல்லை. இடுப்பில் சதை போட்டிருந்தது. ஆனால் ரிங்குக்குள் காலை மாற்றிப் போட்டபோது, அந்தத் தூரத்திலிருந்தும் அது அலியின் கால் என்று தெரிந்தது. என் பக்கத்தில் இருந்தவர் அழுதுவிட்டார்.

எதிர் கார்னரில் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொன்னார்கள், கூச்சலில் கேட்கவில்லை. யாரும் கேட்கவும் விரும்பவில்லை.

மாமா என் தலையைப் பிடித்துத் திருப்பினார். "அலிய ஊரே பாக்குது. நீ அந்தாண்ட நிக்கிறான் பாரு, அவனப் பாரு."

பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. அலி ஜாப் விட்டால் அந்த ஆள் தலையைச் சற்றே பின்னுக்கு வாங்கிக்கொள்வார். கிளவுஸ் நெற்றியைத் தொட்டதும் தொடாததுமாகப் போகும். அலி கயிற்றில் சாய்ந்தால் இவர் நெருங்கி விலாவில் நாலைந்து குத்து வைப்பார். ஒவ்வொன்றும் சத்தம் கேட்கும் அளவுக்கு மட்டும். அலி கூட்டத்தைப் பார்த்து வேடிக்கை காட்டத் திரும்பினால் இவர் நின்றுவிடுவார். அலிக்கு மூச்சு வாங்குகிறது என்று தெரிந்தால் இவரே போய்க் கட்டிப் பிடித்துக்கொண்டு நேரம் கொடுப்பார். அலி ஆட ஆட, அதற்கு வேண்டிய இடத்தை இவர் பார்த்துப் பார்த்து உண்டாக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மாமா முன்வரிசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வலது கையப் பாத்தியா? இய்த்து இய்த்துப் புடிக்கிறான். முய்சா உட்டான்னு வையி, அலி பேஜாராயிடுவாரு." கொஞ்ச நேரம் கழித்து, "கய்த்தத் திருப்பித் திருப்பிப் பாக்குறான். இன்னாத்துக்குன்னு தெர்லயே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் பேப்பரில் பெயர் இருந்தது. ஜிம்மி எல்லிஸ், முன்னாள் உலக ஹெவிவெயிட் சாம்பியன். மாமா அந்த வரியை என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். "சாம்பியனா? எப்போ?" அலி, ஃபிரேசர், ஃபோர்மன், லிஸ்டன் எல்லாரையும் அறிந்தவருக்கு இந்தப் பெயர் பிடிபடவில்லை. பட்டம் வைத்திருந்த ஒருவர் மெட்ராஸுக்கு வந்து, பெயர்கூடக் காதில் விழாமல், அலிக்கு ஆடிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மூர் மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்தோம். பழைய புத்தகக் கடைகளில் 'தி ரிங்' பத்திரிகையின் பழைய இதழ்கள் கிடைக்கும். கப்பலில் வந்தவையும், வெளிநாட்டுக்குக் குடிபோன ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் போட்டுவிட்டுப் போனவையும். அட்டை இருக்காது, நடுப்பக்கத்தை யாராவது கிழித்திருப்பார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றும் நேரம் வரைக்கும் குந்தி உட்கார்ந்து தேடுவோம். வீட்டுக்கு வந்ததும் நான் டிக்ஷனரியை வைத்துக்கொண்டு படித்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் எனக்கு அரைகுறை. ஆனால் பாக்ஸிங் மாமாவுக்கு முழுசாகத் தெரியும். நான் வார்த்தையைச் சொன்னால் அது என்ன குத்து, எங்கிருந்து கிளம்பியிருக்கும், ஏன் பட்டது என்பதை அவர் எழுந்து நின்று செய்து காட்டுவார். இப்படித்தான் எல்லிஸின் வாழ்க்கை எங்கள் வீட்டுக் கூடத்தில் துண்டு துண்டாகச் சேர்ந்தது. விட்டுப்போன இடங்களை நான் பெரியவனான பிறகு படித்து நிரப்பிக்கொண்டேன்.

எல்லிஸும் அலியும் ஒரே ஊர்: கென்டக்கி மாநிலத்து லூயிவில். எல்லிஸ் 1940இல் பிறந்தவர், அலியைவிட இரண்டு வயது மூத்தவர். அப்பா போதகர், வீடு நிறையப் பிள்ளைகள். அந்த ஊர் டிவியில் சிறுவர்களின் குத்துச்சண்டை நிகழ்ச்சி ஒன்று வரும். அதில் தன் நண்பன், பின்னாளில் அலி ஆன காசியஸ் கிளே என்ற பையனோடு ஆடித் தோற்பதை எல்லிஸ் பார்த்தார். இவனை நான் அடிப்பேன் என்று தோன்றியிருக்கிறது. ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்த ஜிம்முக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். சைக்கிள் திருட்டுப் போன கோபத்தில் 12 வயது கிளே போய் நின்றதும் அதே மார்ட்டினிடம்தான். அமெச்சூராக இருந்தபோது இருவரும் இரண்டு முறை மோதினார்கள். ஒன்றில் கிளே ஜெயித்தார், ஒன்றில் எல்லிஸ் ஜெயித்தார்.

இந்த இடத்தில் மாமா தொடையில் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். "அலிய ஜெயிச்சிக்கிறான்! அலிய!" அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

கிளே 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கி, பணக்காரர்கள் குழு ஒன்றின் ஆதரவோடு தொழில்முறைக்குப் போனார். எல்லிஸ் மறு வருஷம் மிடில்வெயிட்டில் தொடங்கினார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் அந்த எடையில் அப்போது இருந்தவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. ஹாலி மிம்ஸ், ஹென்றி ஹேங்க், ரூபின் கார்ட்டர், டான் ஃபுல்மர், ஜார்ஜ் பென்டன் என்று ஐந்து பேரிடம் தோற்றார். கடைசி இரண்டும் அடுத்தடுத்து. அந்த நேரத்தில் அலி, லிஸ்டனை வென்று உலக சாம்பியனாகிவிட்டார். தன் ஊர்ப் பையன், தன்னிடம் ஒரு முறை தோற்றவன், உலகத்தின் உச்சியில் இருக்கிறான்; தனக்கோ அடுத்த சண்டை கிடைக்குமா என்பதே சந்தேகம். வேறு யாராக இருந்தாலும் பொறாமையில் வெந்திருப்பார்கள். எல்லிஸ் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டன்டீக்கு: என்னையும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று.

அந்தக் கடிதத்தைத்தான் நான் எல்லிஸின் மிகப் பெரிய குத்தாக நினைக்கிறேன். டன்டீ ஏற்றுக்கொண்டார். எல்லிஸ் அலிக்கு ஸ்பாரிங் ஆட வந்தார். அலியின் சண்டைக்கு முன்னால் நடக்கும் சிறு சண்டைகளில் ஆடினார். 160 பவுண்டு ஆட்டக்காரரின் உடம்பு மெல்ல மெல்ல ஏறி ஹெவிவெயிட் ஆனது. மிடில்வெயிட்டின் வேகம் மட்டும் கையிலேயே தங்கிவிட்டது.

1967இல் வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்க்கையை அலி மறுத்தார், பட்டத்தைப் பறித்தார்கள். காலியான இடத்துக்கு உலக பாக்ஸிங் சங்கமான டபிள்யூ.பி.ஏ. எட்டுப் பேரை வைத்துப் போட்டி நடத்தியது. ஃபிரேசர் அதில் சேர மறுத்துவிட்டார். எல்லிஸை எண்ணிக்கைக்குச் சேர்த்த மாதிரிதான் பலரும் பார்த்தார்கள். அவர் முதலில் ஹூஸ்டனில் லியோடிஸ் மார்ட்டினை ஒன்பதாவது ரவுண்டில் நிறுத்தினார். அடுத்தது சொந்த ஊரில், அர்ஜென்டினாவின் ஆஸ்கார் பொனவேனாவோடு. காளை மாதிரி மோதுகிற ஆள். முந்தைய வருஷம் ஃபிரேசரையே இரண்டு முறை கீழே தள்ளியவர். எல்லிஸ் அந்த ஆளை இரண்டு முறை கீழே தள்ளி, 12 ரவுண்டு முடிவில் பாயிண்டில் ஜெயித்தார்.

மாமா இந்தச் சண்டையை எத்தனை முறை செய்து காட்டினார் என்று சொல்ல முடியாது. நான்தான் பொனவேனா. குனிந்துகொண்டு முன்னே வர வேண்டும். மாமா ஒரு அடி பின்னால் வைத்து, இடது தோளைக் காட்டி என்னை இழுப்பார். நான் உள்ளே நுழைகிற அந்த நொடியில் அவருடைய வலது கை என் தாடையருகே வந்து நிற்கும். மணிக்கட்டில் வேப்பெண்ணெய் வாசம் வீசும். "அவன் வர்றப்போ அடிக்காத. வர்றதுக்கு முடிவு பண்றான் பாரு, அப்போ அடி." ஐம்பது வயதை நெருங்கியவரின் பின்னங்கால் குதிகால் அப்போதும் தரையிலிருந்து சரியாகத் தூக்கியிருக்கும்.

இறுதிச் சண்டை 1968 ஏப்ரல் 27, ஓக்லண்ட். எதிரே கலிஃபோர்னியாக்காரர் ஜெர்ரி குவாரி. கூட்டம் முழுக்க அவர் பக்கம். இருவருமே எதிராளி முதலில் வரட்டும் என்று காத்திருந்து அடிக்கிறவர்கள். 15 ரவுண்டும் காத்திருந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு அலுப்பான சண்டை என்று பத்திரிகைகள் எழுதின. எல்லிஸ் பாயிண்டில் ஜெயித்து உலக சாம்பியன் ஆனார். பொறுமையாக ஆடி ஜெயித்ததைக் குறை சொல்கிறார்கள் என்று மாமாவுக்குக் கோபம் வந்தது; எனக்கு இன்றும் வருகிறது. முன்னே பாய்ந்து அடிபடுகிறவனுக்குக் கிடைக்கும் கைத்தட்டல், அடிபடாமல் ஜெயிக்கிறவனுக்கு எந்த ஊரிலும் கிடைப்பதில்லை.

ஆனால் அந்தப் பட்டத்தை யாரும் முழு மனசோடு ஒத்துக்கொள்ளவில்லை. நியூயார்க்கில் ஃபிரேசர் இன்னொரு சாம்பியனாக இருந்தார். 'தி ரிங்' பத்திரிகையோ அலியையே சாம்பியன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எங்களிடம் இருந்த 1968ஆம் வருஷத்து இதழ் ஒன்றில் தரவரிசைப் பட்டியலின் தலையில் அலி பெயர்தான். மாமா அதைப் பார்த்துவிட்டு, பேனா வாங்கி அலியின் பெயருக்குப் பக்கத்தில் எல்லிஸ் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

எல்லிஸ் பட்டத்தைக் காப்பாற்றிய சண்டை ஒன்றே ஒன்று. அதே வருஷம் செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் ஃபிளாய்ட் பேட்டர்சனோடு. தொடக்கத்திலேயே எல்லிஸின் மூக்கு உடைந்தது. உடைந்த மூக்கோடு 15 ரவுண்டு ஆடினார். ரெஃப்ரி ஒருவரே மதிப்பெண் போட்ட சண்டை அது. அவர் எல்லிஸ் பக்கம் சொன்னதும் அரங்கமே கூச்சலிட்டது. பேட்டர்சன்தான் ஜெயித்தார் என்று பார்த்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் மூக்கு உடைந்தவனுக்கு மூச்சு வாய் வழியாகத்தான். வாய் திறந்திருக்கும்போது தாடையில் பட்டால் என்ன ஆகும் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். மாமா தன் சாய்ந்த மூக்கைத் தொட்டுக்கொண்டு அதைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார்.

அதன் பிறகு எல்லிஸ் ஒன்றரை வருஷத்துக்குச் சண்டையே இல்லாமல் இருந்துவிட்டு, 1970 பிப்ரவரி 16 அன்று நியூயார்க்கில் ஃபிரேசருக்கு எதிரே இறங்கினார். முதல் ரவுண்டில் நன்றாகத்தான் ஆடினார். நான்காவது ரவுண்டில் ஃபிரேசரின் இடது ஹூக் இரண்டு முறை அவரைக் கீழே போட்டது. மணி அடித்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தவரை ஐந்தாவது ரவுண்டுக்கு டன்டீ அனுப்பவில்லை. ஒரு முறைதானே விழுந்தேன், ஏன் நிறுத்தினீர்கள் என்று எல்லிஸ் கேட்டாராம். இரண்டாவது முறை விழுந்தது அவர் நினைவிலேயே இல்லை. தன் ஆட்டக்காரனிடமிருந்து பட்டம் கண்ணெதிரே போவதைப் பார்த்துக்கொண்டே அவனை உட்கார வைத்த வாத்தியார் என்று டன்டீ மீது எங்கள் வீட்டில் பெரிய மரியாதை உண்டாயிற்று.

1971 ஜூலை 26 சண்டையைப் பற்றி மாமா என்னை மறுபடி மறுபடி கேட்டிருக்கிறார். அலியின் தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஹூஸ்டனில் அலியும் எல்லிஸும் தொழில்முறையில் முதலும் கடைசியுமாக மோதினார்கள். டன்டீ இருவருக்கும் வேண்டியவர். எந்தக் கார்னரில் நிற்பது? அவர் எல்லிஸ் பக்கம் நின்றார். அலிக்கு அவர் பயிற்சியாளர் மட்டும்தான், எல்லிஸுக்கு மேனேஜரும் அவரே. அலியும் அதை ஏற்றுக்கொண்டார். சின்ன ஆட்டக்காரனை விட்டுவிட்டுப் பெரிய ஆட்டக்காரனிடம் போய் நிற்காத வாத்தியாரை மாமா தன் வாழ்க்கையில் பார்த்திருக்கவில்லை. "மெய்யாலுமே அந்தப் பக்கம் நின்னாரா? நல்லாப் பாத்துப் படி." 12ஆவது ரவுண்டில் ரெஃப்ரி சண்டையை நிறுத்தினார். அலி ஜெயித்தார். கடைசியில் எல்லிஸ் நிற்க முடியாமல் தள்ளாடியபோது அலி மேலும் அடிக்காமல் பார்த்தார் என்று பத்திரிகையில் இருந்தது.

அப்புறம் இறக்கம்தான். எர்னி ஷேவர்ஸ் முதல் ரவுண்டிலேயே சாய்த்தார்; ரான் லைலிடமும் ஜோ பக்னரிடமும் தோல்வி; 1975இல் மெல்பர்னில் ஃபிரேசரிடம் மீண்டும். அதே வருஷம் பயிற்சியின்போது பட்ட அடியில் இடது கண்ணின் பார்வை ஓரளவு போனது. 35 வயதில் கிளவுஸைக் கழற்றினார்.

கண் விஷயத்தை நான் படித்தது வெகு காலத்துக்குப் பிறகு, கல்லூரி முடித்து வேலைக்குப் போன பின். படித்த அன்றே மாமாவிடம் ஓடினேன். நேரு ஸ்டேடியத்தில் எல்லிஸ் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது அவருக்கு அப்படியே நினைவிருந்தது. "ஒரு கண்ண வெச்சினு அலியாண்ட ஆடிக்கிறான்" என்றார். ஓய்வு பெற்ற நண்பனின் கடைசிக் காட்சிகளுக்குத் துணையாக, சரியாகத் தெரியாத கண்ணோடு, ஊர் ஊராக வந்து குத்து வாங்கியிருக்கிறார் அந்த மனிதர்.

மெட்ராஸுக்கு வந்த அந்த 1980 பயணத்தின்போதே அலியை, மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க ஆதரவு தேட ஆப்பிரிக்காவுக்குப் போகச் சொல்லி அமெரிக்க அரசு கேட்டுக்கொண்டது. இந்தியாவிலிருந்து தான்சானியா போனார். அந்த அக்டோபரில் மறுபடி ரிங்கில் ஏறி லாரி ஹோம்ஸிடம் கொடுமையாக அடிவாங்கினார். பத்தாவது ரவுண்டு முடிவில் சண்டையை நிறுத்தச் சொன்னது டன்டீதான். பிறகு அலிக்கு பார்க்கின்சன் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். எல்லிஸ் லூயிவில் நகரப் பூங்காத் துறையில் 1989 முதல் 2003 வரை பிள்ளைகளோடு வேலை செய்தார். சர்ச் பாடகர் குழுவில் பாடினார். வாங்கிய அடிகள் அவர் நினைவையும் அழித்தன. 2014 மே 6 அன்று இறந்தபோது அவருக்கு 74 வயது.

மாமா அதற்கு முன்பே போய்விட்டார். எல்லிஸ் இறந்த செய்தியைப் பார்த்த என் மகள், "இவர் யாருப்பா, அலியோட பிரண்டா?" என்று கேட்டாள். மாமா இருந்திருந்தால் எந்த வரிசையில் சொல்லியிருப்பாரோ அந்த வரிசையில் சொன்னேன்: மிடில்வெயிட்டில் ஐந்து தோல்வி, ஒரு கடிதம், பொனவேனாவை இரண்டு முறை கீழே போட்டது, ஓக்லண்டில் பட்டம், உடைந்த மூக்கோடு 15 ரவுண்டு, மொத்தம் 53 சண்டையில் 40 வெற்றி. அலியின் பெயர் அதற்கப்புறம்தான் வந்தது.